தேன்சிட்டு உட்காரும் குச்சி: பெங்களூரு வீட்டுத் தோட்டத்தில் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பெங்களூரில் செம்பருத்திப் பூவின் அடியை வளைந்த அலகால் குத்திக்கொண்டிருக்கும் பளபளப்பான சின்னப் பறவையைப் பார்த்து "ஹம்மிங்பேர்டு வந்திருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய. ஹம்மிங்பேர்டு வட, தென் அமெரிக்காவில் மட்டும் வாழ்வது. நம் வீட்டுக்கு வருவது தேன்சிட்டு. இரண்டும் பூந்தேன் குடிக்கும், இரண்டின் கழுத்தும் மின்னும், ஆனால் உறவு கிடையாது. அந்தி மங்கும் நேரத்தில் பூவுக்குப் பூ அந்தரத்தில் நின்று ஏதாவது தேன் குடித்தால் அது பெரும்பாலும் அந்துப்பூச்சியாகத்தான் இருக்கும்.

படம் எடுக்க வருபவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்று குடிக்கும். தேன்சிட்டால் ஓரிரு நொடி அப்படி நிற்க முடிந்தாலும், பெரும்பாலும் காம்பைப் பிடித்துத் தொற்றிக்கொண்டுதான் குடிக்கும். குடித்து முடித்ததும் பக்கத்திலேயே ஒரு மெல்லிய குச்சியில் போய் உட்காரும், அலகைத் துடைக்கும், இறகு கோதும், கத்தும். அந்தக் குச்சிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். லென்ஸ் எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்தக் குச்சியில் உட்காரும், அதில் எப்போது வெயில் விழும் என்று தெரிந்திருப்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

யார் யார் வருவார்கள்

நகரத்துக்குள் மூன்று வகைகளை எதிர்பார்க்கலாம். அதிகம் வருவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, 10 செ.மீ. நீளம்கூட இருக்காது. ஆணுக்கு முதுகு அரக்கு, தோளில் பச்சை மினுக்கல், தொண்டை ஊதா, வயிறு மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, மார்பு மஞ்சள். இரண்டாவது ஊதாத் தேன்சிட்டு. ஆண் தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் எழும்பும். மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. இதன் ஆணும் கறுப்புதான், ஆனால் அலகு கண்ணில் படும்படி நீளமாக, நன்றாக வளைந்திருக்கும். மார்பின் நிறத்தைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முயன்றால் ஏமாறுவீர்கள். அலகைப் பாருங்கள்.

ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை உதிர்த்துவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும், மற்றபடி பெண்ணைப் போல மங்கிய மஞ்சள். மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் அந்தக் கோடுபோட்ட பறவையைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு இந்த உடைமாற்றம் இல்லை, வருடம் முழுவதும் ஒரே நிறம்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே குறிவைப்பது நல்லது.

இன்னொரு ஆசாமியும் கூட்டத்தில் இருப்பார்: பூக்கொத்தி. தேன்சிட்டைவிடவும் சிறியது, குட்டை அலகு, சாம்பல் கலந்த பழுப்பு. சிங்கப்பூர் செர்ரி மரமோ, புல்லுருவி படர்ந்த மாமரமோ, புங்கை மரமோ அருகில் இருந்தால் இது கட்டாயம் வரும். நிறம் இல்லை என்று ஒதுக்க வேண்டாம், பயிற்சிக்கு அருமையான பறவை.

குச்சியைக் கண்டுபிடிப்பது

முதல் மூன்று நான்கு நாள் கேமராவைத் தொடாதீர்கள். காலையில் காபி டம்ளரோடு பால்கனியிலோ மொட்டை மாடியிலோ அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். காதால் தேடுங்கள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு "ட்சிட், ட்சிட்" என்று விடாமல் சன்னமாகக் கத்தும். சத்தம் வரும் திசையில் மரத்தின் உச்சியையும் ஓரங்களையும் பாருங்கள், அடர்ந்த நடுப்பகுதியைத் துழாவ வேண்டாம். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் நுனிக்குச்சி, காய்ந்துபோன முருங்கைக் கிளை, கேபிள் டிவி ஒயர், துணிக்கொடி, ரோஜாச் செடிக்கு ஊன்றிய கம்பு. பிடித்த இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. குச்சி பென்சிலைவிட மெல்லியதாக இருக்கும், இந்தக் குட்டிக் கால்களுக்குத் தடித்த கிளை வசதிப்படாது. பூவிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கும். சட்டென்று ஒளிந்துகொள்ள அருகிலேயே இலைச் செறிவு இருக்கும். மூன்றும் ஒன்றாக அமைந்த இடத்தில் பறவை திரும்பத் திரும்ப வந்து உட்காரும். குறிப்பாக, இனப்பெருக்கக் காலத்து ஆண் தன் எல்லையைக் காக்க ஒரே குச்சியிலிருந்து பாடும். உங்கள் கார் கண்ணாடியையோ ஜன்னல் கண்ணாடியையோ ஒரு ஆண் தேன்சிட்டு கொத்திக்கொண்டிருந்தால், தன் பிம்பத்தைப் போட்டியாளனாக நினைத்து அது சண்டை போடுகிறது. ஒரு துணியைப் போட்டு அந்தக் கண்ணாடியை மூடுங்கள். இல்லாவிட்டால் குச்சிக்கு வராமல் மணிக்கணக்கில் அங்கேயே சக்தியை வீணாக்கும்.

ஒரு தாளில் வீட்டைச் சுற்றிய மரங்களைக் கிறுக்கலாக வரைந்து, உட்காரும் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். அடுத்த கட்டத்துக்கு அந்தத் தாள் வேண்டும்.

வெயில் எங்கிருந்து வருகிறது

தேன்சிட்டின் மினுக்கல் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணிழைகளில் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. சோப்புக் குமிழியில் தெரியும் நிறத்தைப் போலத்தான். ஆகவே ஒளி, பறவை, கேமரா மூன்றும் இருக்கும் கோணம் சரியாக அமைந்தால் தொண்டை எரியும், அமையாவிட்டால் அதே தொண்டை கரிக்கட்டை. கேமராவில் எந்தப் பொத்தானைத் திருகினாலும் இது மாறாது.

நடைமுறை விதி எளியது: சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலையில் எடுப்பதென்றால் குச்சி உங்களுக்கு மேற்கே, மாலையில் என்றால் கிழக்கே. பெங்களூரில் சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 பாகை உயரத்துக்கு வந்துவிடும், மூன்று மணி நேரத்தில் 40 பாகையை நெருங்கும். அதற்குமேல் ஒளி தலைக்கு மேலிருந்து விழும், கண்ணும் தொண்டையும் நிழலில் போய்விடும். ஜனவரியில் ஆறே முக்காலுக்கும் ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்னும் சூரியன் உதிக்கிறது. ஆக, ஜனவரியில் ஒன்பதரைக்கு, ஜூனில் ஒன்பதுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும்.

பலரும் மறந்துபோகும் ஒன்று: சூரியன் உதிக்கும் இடமே மாதத்துக்கு மாதம் நகரும். டிசம்பரில் தென்கிழக்கு, ஜூனில் வடகிழக்கு. டிசம்பரில் அருமையாக வெளிச்சம் விழுந்த குச்சி மே மாதத்தில் பக்கத்து வீட்டு மாடியின் நிழலில் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியனே நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், வருடம் முழுக்க இருட்டாக இருந்த வடக்குப் பால்கனிக்கும் அந்த மாதங்களில் வெயில் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மேகமூட்டமான நாளை வீணென்று விடாதீர்கள். பெண் பறவைக்கும் பூக்கொத்திக்கும் அதுதான் சிறந்த ஒளி: மஞ்சள் வெளிறாது, வெள்ளைத் தொண்டையின் இறகு ஒவ்வொன்றும் தெரியும். ஆணின் மினுக்கல் மட்டும் அன்று கிடைக்காது.

குச்சியை நாமே நடுவது

பறவைக்குப் பிடித்த குச்சி பத்து மீட்டர் உயரத்தில் வானத்தைப் பின்னணியாக வைத்திருந்தால் படம் தேறாது. அப்போது நமக்கு வசதியான இடத்தில் ஒரு குச்சியை வைத்துக் கொடுக்கலாம்.

1. கொய்யா, மாதுளை, செம்பருத்தி இவற்றில் ஏதாவது ஒன்றின் காய்ந்த கிளையை எடுங்கள். 4 முதல் 8 மி.மீ. தடிமன், அரை மீட்டர் நீளம். பட்டை உரியாமல், ஓரிரு கணுக்களோடு இருந்தால் படத்தில் இயல்பாக இருக்கும்.

2. ஒரு மூங்கில் கம்பையோ பிவிசி பைப்பையோ மணல் நிரப்பிய தொட்டியில் ஊன்றி, அதன் உச்சியில் கிளையைச் சணலால் கட்டுங்கள். கிளை லேசாகச் சரிந்து நிற்கட்டும். காற்றில் ஆடக் கூடாது. விரலால் தட்டிப் பாருங்கள், ஒரு நொடிக்குள் அசைவு நிற்க வேண்டும்.

3. பூச்செடியிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நான்கு மீட்டர். குச்சிக்குப் பின்னால் குறைந்தது நான்கு மீட்டர் வெற்றிடம், அதற்குப் பின்னால் பச்சை.

4. கேமரா வழியாகப் பார்த்து, குச்சிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், தண்ணீர்த் தொட்டி, வெயில் பட்டு மின்னும் இலை ஏதாவது விழுகிறதா என்று பாருங்கள். தொட்டியை ஒரு சாண் நகர்த்தினாலே பின்னணி மொத்தமாக மாறிவிடும்.

மூன்றாவது படியில்தான் பெங்களூருக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய வீட்டில் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இருந்தாலே பெரிய விஷயம், நான்கு மீட்டருக்கு எங்கே போவது? மேலே போக வேண்டும். முதல் மாடிப் பால்கனியில் ஒரு மூலையில் குச்சியையும் தொட்டிச் செடியையும் வைத்து, மற்ற மூலையிலோ ஜன்னலுக்குள்ளிருந்தோ எடுங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலே குச்சியை உயர்த்தினால் தெருவில் நிற்கும் மரம் பின்னணியாகிவிடும். உங்களுக்கு மரமே இல்லாவிட்டாலும் எதிர்வீட்டுக்காரரின் மாமரம் உங்கள் படத்துக்கு உதவும்.

எதிர்வீட்டைப் பார்த்து நீள லென்ஸை நீட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கன்னடத்தில் "ஹக்கி ஃபோட்டோ, சூரக்கி" (பறவைப் படம், தேன்சிட்டு) என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். வாடகை வீடென்றால் ஓனரிடமும் சொல்லுங்கள். எடுத்த படத்தில் ஒன்றை அவர்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால், அடுத்த முறை முருங்கைக் கிளையை வெட்டும் முன் உங்களைக் கேட்பார்கள்.

பூ இல்லாமல் குச்சிக்கு யாரும் வரமாட்டார்கள். தொட்டியில் வளர்க்க ஹமீலியாவும் ரஸ்ஸேலியாவும் நம் ஊர் பருவத்துக்கு ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூக்கும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருக்கவே இருக்கின்றன. லால்பாக் பக்கம் சித்தாபுராவில் வரிசையாக இருக்கும் நர்சரிகளில் இவையெல்லாம் கிடைக்கும். நிலத்தில் இடமிருந்தால் முருங்கைக்கு ஈடு எதுவும் இல்லை. வாழை குலை தள்ளும்போது பூ மடல் விரியும் சில வாரங்களும் விருந்துதான். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், சிலந்தி வலையை ஒட்டடைக்கோலால் துடைக்காதீர்கள். குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் சாப்பாடு, கூட்டைக் கட்டுவதும் சிலந்தி நூலால்தான்.

சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும், எறும்பு மொய்க்கும். தேனைக் கரைத்து வைப்பது இன்னும் மோசம், பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பதில் காலையில் செடியின் இலைகள் மேல் புகைபோலத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஈர இலையில் உரசிக் குளிப்பது தேன்சிட்டுக்கு மிகவும் பிடிக்கும். குளித்த பறவை அடுத்துக் குச்சிக்குத்தான் வரும், இறகைச் சிலுப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் உட்காரும். ஒரு காலைப்பொழுதில் நமக்கு வசமாகக் கிடைக்கும் நிமிடங்கள் அவை.

கருவி

இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். கணக்கு இதுதான்: 300 மி.மீ. லென்ஸில் ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும் 10 செ.மீ. பறவை, சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் தகட்டில்) சுமார் 6.4 மி.மீ. நீளத்துக்கு விழும். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் அகலம் ஏறத்தாழ 24 மி.மீ., ஆக நான்கில் ஒரு பங்கு. வெட்டிச் சரிசெய்ய இது தாராளம். பத்து மீட்டருக்குப் போனால் பாதியாகிவிடும், எட்டில் ஒரு பங்கு. சாதாரண 70-300 லென்ஸ் இருந்தால் 600க்கு ஏங்குவதைவிட நாற்காலியை முன்னால் நகர்த்துவது மலிவு.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை வரும். மிக அருகில் இருந்தால் ஃபோகஸே ஆகாது. நிக்கான் 200-500க்குக் குறைந்தபட்சம் 2.2 மீட்டர், சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கு 2.8 மீட்டர் வேண்டும். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லைப் பொத்தான் இருந்தால் அது முழு வீச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். "லென்ஸ் கெட்டுப்போச்சு" என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகும் முன் இந்தப் பொத்தானைப் பார்த்தால் ஆட்டோச் செலவு மிச்சம்.

நிக்கான் பி950 போன்ற பெரிய ஜூம் கேமரா, நல்ல வெயிலில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும், மேகமூட்டத்தில் திணறும். செல்போன் என்றால் ஐந்து மடங்கு ஜூம் உள்ள போனைச் சின்ன ஸ்டாண்டில் குச்சிக்கு இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ப்ளூடூத் ரிமோட்டால் உள்ளிருந்து எடுக்கலாம். நாமே நட்ட குச்சிக்கு இது பிரமாதமாக வேலை செய்யும், வேறு எங்கும் செய்யாது.

கையில் பிடித்துக் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் தோள் விட்டுப்போகும், பறவை வரும்போது லென்ஸ் மடியில் கிடக்கும். டிரைபாட் இல்லாவிட்டால் ஒரு துணிப்பையில் ஒன்றரைக் கிலோ ராகியை முக்கால்வாசி நிரப்பித் தைத்து, பால்கனிக் கைப்பிடியில் வைத்து லென்ஸை அதில் அமுக்குங்கள். முழுக்க நிரப்பினால் லென்ஸ் உருளும்.

பால்கனியில் பச்சை ஷேட் நெட் கட்டி லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டால் மறைவிடம் தயார். ஜன்னல் கண்ணாடி வழியாகவோ கொசுவலை வழியாகவோ எடுக்காதீர்கள். கண்ணாடி கூர்மையைத் தின்னும், கொசுவலை மொத்தப் படத்துக்கும் பால் பூசிவிடும்.

அமைப்புகள்

மேனுவல் முறையில் வைத்து, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். ஒளி நுழையும் துளையை லென்ஸ் திறக்கும் அளவுக்கு, எஃப் 5.6 அல்லது 6.3. ஷட்டர் 1/800 நொடி. ஐஎஸ்ஓ உச்சவரம்பு 3200. இதோடு ஆரம்பிக்கலாம். பறவை உடம்பை உப்பி வைத்துக்கொண்டு நிஜமாகவே ஓய்வெடுத்தால் 1/250 வரை இறக்கலாம், ஐஎஸ்ஓ இறங்கும், படம் சுத்தமாகும். பாடும்போது தலை துடிக்கும், 1/1000க்கு ஏற்றுங்கள். இறகு சிலுப்பும்போது அதுவும் போதாது.

ஃபோகஸ்: தொடர் ஃபோகஸ், ஒற்றைச் சிறு புள்ளி, அது கண்ணின் மேல். பறவைக் கண்ணைத் தானே தேடும் கேமராவென்றால் அதை நம்பலாம், ஆனால் குறுக்கே இலை ஆடினால் அது இலைக்குப் போய்விடும், உடனே ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். 400 மி.மீ., எஃப் 6.3, ஐந்து மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் 4 செ.மீ. அளவுதான். மூன்று மீட்டரில் ஒன்றரை செ.மீ.கூடத் தேறாது. பறவை உங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அலகு நுனியும் கண்ணும் சேர்ந்து கூர்மையாக வராமல் போகலாம். உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, தலையை மட்டும் உங்கள் பக்கம் லேசாகத் திருப்பும் நொடிதான் வேண்டும்.

வெளிச்ச அளவில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். கறுத்த ஆண், பின்னால் வெளுத்த வானம்: கேமரா வானத்தைப் பார்த்துப் பயந்து பறவையை இருட்டாக்கும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (+/- பொத்தான்) +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள். அதே ஆண், பின்னால் அடர்ந்த இலை: கேமரா எல்லாவற்றையும் வெளுக்கப் பார்க்கும். 0.3 முதல் 0.7 வரை குறையுங்கள். மஞ்சள் வயிற்றில் நேர் வெயில்: 0.3 குறையுங்கள். மஞ்சளில் சிவப்பு அலைவரிசை முதலில் வெளிறும், ஆகவே வெள்ளை ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மட்டும் பார்க்காமல் மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வெளிச்சத்தை ஒரு சிறு புள்ளியில் மட்டும் அளக்கும் புள்ளி அளவீடு வேண்டாம். ஊதாக் கறுப்பின் மேல் புள்ளியை வைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும்.

ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக்கோப்பு) எடுங்கள். மூன்று முதல் ஐந்து படமாகச் சின்னச் சின்னத் தொடராக அழுத்துங்கள். தலை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தொண்டை நிறம் மாறும், அதனால்தான் தொடர்.

எடுக்கும் காலை

வெளிச்சம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். காலிக் குச்சியின் மேல் ஃபோகஸ் செய்து, ஒரு சோதனைப் படம் எடுத்து அளவுகளைச் சரிபார்த்துவிடுங்கள். பறவை வந்தபின் லென்ஸ் முன்னும் பின்னும் அலையாமல் இருக்க இந்த முன்ஃபோகஸ்தான் காரணம். சத்தமில்லா ஷட்டர் இருந்தால் போடுங்கள், உட்கார்ந்த பறவைக்கு அதனால் கெடுதல் இல்லை.

பறவை வந்து உட்கார்ந்த உடனே அழுத்தாதீர்கள். முதல் இரண்டு நொடி அது சுற்றுமுற்றும் பார்க்கும். அப்போது கேமரா சத்தம் கேட்டால் போய்விடும். அலகைக் குச்சியில் இப்பக்கம் அப்பக்கம் தேய்க்க ஆரம்பித்தால் நிம்மதியாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து இறகு கோதும், ஒரு பக்கத்து இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். பனி விழும் ஜனவரிக் காலையில் உருண்டையாக உப்பி வெயில் காயும். கழுத்தை நீட்டி உடம்பை ஒடுக்கினால் பறக்கப்போகிறது.

பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். எல்லை காக்கும் ஆண், இல்லாத எதிரியைத் தேடி அலையும், கூட்டை மறக்கும். படமும் பதறிய பறவையின் படமாகத்தான் இருக்கும்.

எது கெட்டது, ஏன்

கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துக் காரணத்தைப் பிரியுங்கள். குச்சி, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. குச்சி கூர்மை, தலை மட்டும் கலங்கல் என்றால் பறவை அசைந்திருக்கிறது, ஷட்டரை ஏற்றுங்கள். பறவை கலங்கி, பின்னாலுள்ள இலை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிப் பின்னால் போயிருக்கிறது, புள்ளியைச் சிறிதாக்குங்கள். எதுவுமே கூர்மையில்லாமல் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் நெளிந்திருந்தால் அது அனல். தகர ஷீட்டுக்கோ வெயில் ஏறிய மொட்டை மாடித் தளத்துக்கோ மேலாக எடுத்திருப்பீர்கள். விலையுயர்ந்த லென்ஸும் அனலை வெல்லாது. ஒரு மணி நேரம் முன்னதாக எடுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

பெண்ணின் வெள்ளைத் தொண்டை பச்சையாகத் தெரிந்தால் சுற்றியுள்ள இலையின் நிறம் ஏறியிருக்கிறது. ரா கோப்பில் வெள்ளைச் சமநிலையை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் சரியாகும். ஆணின் ஊதாவை மட்டும் கூட்டாதீர்கள். பளபளப்பில் உள்ள பச்சை, நீலத் தெறிப்புகள் அழிந்து பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும்.

கூடு தெரிந்தால்

போகன்வில்லா நுனியிலோ போர்ட்டிகோ ஒயரிலோ குப்பை தொங்குவதுபோல ஒரு பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் சின்னக் கூரை. அதுதான் தேன்சிட்டின் கூடு. பட்டைத் துணுக்கும் புழு எச்சமும் ஒட்டியிருப்பதால் கண்ணுக்குக் கூடாகவே தெரியாது. பெரும்பாலும் இரண்டு முட்டை, அடைகாப்பு சுமார் இரண்டு வாரம்.

படத்துக்காக மறைக்கும் இலையை வெட்டினால் காக்கைக்கும் பூனைக்கும் வழி காட்டியதாக ஆகும். ஃபிளாஷ் வேண்டாம். தாய் அலகில் இரையோடு அருகில் வந்து, உள்ளே போகாமல் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தால் நீங்கள்தான் தடை, உடனே வீட்டுக்குள் போங்கள். காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் குற்றமாகவே சேர்த்திருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் மேஸ்திரியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கலிஃபோர்னியாவுக்குப் போகிறவர்களுக்கு

மகனோ மகளோ சான் ஹோசே பக்கம் இருந்து, ஆறு மாதம் அங்கே தங்கப் போகிறீர்களா? அங்கே நிஜ ஹம்மிங்பேர்டே கொல்லைக்கு வரும். அன்னா ஹம்மிங்பேர்டு அந்தப் பகுதியில் வருடம் முழுக்க இருக்கும். இதே முறை அப்படியே பொருந்தும். ஹம்மிங்பேர்டு பகலின் பெரும்பகுதியை உட்கார்ந்துதான் கழிக்கும், ஆண் தன் எல்லையைக் காவல் காக்க மரத்தின் ஓரத்தில் ஒரு மொட்டைக் குச்சியை வைத்திருக்கும். தொண்டையின் ரோஜாச் சிவப்பு தெரிய, அது முகத்தை ஏறத்தாழ உங்களுக்கு நேராகத் திருப்ப வேண்டும், வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழ வேண்டும்.

அங்கே தீவனக் குடுவை வைப்பது சகஜம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். நிறப்பொடி, தேன், நாட்டுச் சர்க்கரை எதுவும் கூடாது. வெயில் காலத்தில் ஓரிரு நாளுக்கு ஒருமுறை குடுவையைக் கழுவி மாற்ற வேண்டும், அதைச் செய்ய முடியாதென்றால் வைக்காமலே இருக்கலாம். குடுவையிலிருந்து இரண்டு மீட்டரில் ஒரு காய்ந்த குச்சியை நட்டுப் பாருங்கள்.

மழை மாதங்கள்

ஜூன் முதல் அக்டோபர் வரை கேமராவை அலமாரிக்குள் துணியில் சுற்றிப் பூட்டிவைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, சின்ன ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே போடுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சிலிக்கா ஜெல்லின் மணி நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியாக இருக்கட்டும்.